பேராசிரியை எமிலி பால்ச்: வேலை போன பிறகு தொடங்கிய வாழ்க்கை

1919-ல் எமிலி கிரீன் பால்ச்சுக்கு வேலை போனது. அப்போது அவருக்கு வயது 52. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வெல்லஸ்லி பெண்கள் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். பொருளாதாரம், சமூகவியல் பேராசிரியை. சிறந்த ஆசிரியை என்று பெயரெடுத்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசினார். அதற்காகத்தான் கல்லூரியின் அறங்காவலர்கள் அவரை மீண்டும் பணியில் சேர்க்க மறுத்தார்கள்.

மகளிரியல் என்ற பெயரில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தனித் துறை வந்தது 1970-ல்தான். எமிலியோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெண்களின் உழைப்புக்குப் பொருளாதாரத்தில் என்ன இடம் என்பதைப் பாடமாக நடத்தினார். மாணவிகள் புத்தகத்தோடு நின்றுவிடுவதை அவர் ஏற்கவில்லை. ஏழைகளைப் பற்றி எழுத வேண்டுமா, ஏழைகள் வாழும் தெருவுக்குப் போங்கள் என்பார். ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்தார். அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஸ்லாவிய மக்களைப் பற்றி எழுத நினைத்தபோது, அவர்கள் விட்டுவந்த ஆஸ்திரிய-ஹங்கேரி கிராமங்களுக்கே போய்த் தங்கினார். திரும்பி வந்து அமெரிக்காவில் அவர்கள் குடியேறிய இடங்களைச் சுற்றினார். 1910-ல் வந்த அந்தப் புத்தகம், வந்தேறிகள் என்று இழிவாகப் பேசப்பட்டவர்களை முதல் முறையாக மனிதர்களாக மதித்து எழுதிய ஆய்வுகளில் ஒன்று.

1915 ஏப்ரலில் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் கூடிய சர்வதேசப் பெண்கள் மாநாடு அவரது பாதையை மாற்றியது. ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். ஜேன் ஆடம்ஸ் தலைமையில் அமெரிக்கப் பெண்கள் ‘நூர்டாம்’ கப்பலில் புறப்பட்டார்கள். இங்கிலாந்துக் கரையோரம் அந்தக் கப்பலை நாள்கணக்கில் நிறுத்திவைத்தது பிரிட்டிஷ் அரசு. பிரிட்டனிலிருந்து வர விரும்பியவர்கள் சுமார் 180 பேர். வந்து சேர முடிந்தது மூன்றே பேரால். இத்தனை தடைகளையும் தாண்டி 12 நாடுகளின் பெண்கள் அங்கே கூடினார்கள். பெல்ஜியத்தை ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்தது. ஆனாலும் பெல்ஜியப் பெண்கள் வந்து ஜெர்மன் பெண்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். எந்த நாட்டுத் தளபதியும் செய்யத் துணியாத காரியம் அது.

தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்து போகவும் இல்லை. நடுநிலை நாடுகள் சேர்ந்து சமரசம் பேச வேண்டும் என்ற கோரிக்கையோடு அரசுகளைச் சந்திக்கக் குழுக்களை அனுப்பினார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும் ரஷ்யாவுக்கும் சென்ற குழுவில் எமிலி இருந்தார். பிறகு அமெரிக்க அதிபர் வில்சனையும் பார்த்துப் பேசினார். யாரும் அசையவில்லை. போர் இன்னும் மூன்று ஆண்டு நீடித்தது. ‘பெண்கள் பேசி என்ன ஆயிற்று’ என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். சேர்ந்து உட்காருங்கள் என்ற கோரிக்கையைக் காலில் போட்டு மிதித்தவர்களிடம் அல்லவா அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்?

கல்லூரி கைவிட்ட அதே 1919-ல், சூரிச்சில் அந்தப் பெண்கள் மீண்டும் கூடினார்கள். அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்களின் சர்வதேசச் சங்கம் என்று தங்கள் அமைப்புக்குப் பெயர் சூட்டினார்கள். தோற்ற ஜெர்மனியைக் கசக்கிப் பிழியும் வெர்சாய் ஒப்பந்தம் இன்னொரு போருக்கு வித்திடும் என்று அப்போதே எச்சரித்தார்கள். சங்கத்தின் செயலாளராக எமிலி ஜெனீவாவில் அலுவலகத்தை நிறுவினார்.

என் கணிப்பில் அவர் செய்ததிலேயே பெரிய வேலை ஹைதியில் நடந்தது. கறுப்பின அடிமைகள் போராடி 1804-ல் விடுதலை பெற்ற நாடு அது. 1915 முதல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1926-ல் எமிலி உள்ளிட்ட ஆறு பேர் கொண்ட குழு அங்கே போனது. அவர்களில் ஐந்து பேர் பெண்கள். அந்த ஐவரில் இருவர் கறுப்பினத்தவர். மறு ஆண்டு வந்த ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஹைதி’ என்ற அறிக்கையைத் தொகுத்தவர் எமிலி. பெரும் பகுதியை எழுதியவரும் அவரே. ஆக்கிரமிப்பை முடித்து ஆட்சியை ஹைதி மக்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்று அது கேட்டது. எதிரி நாட்டின் அட்டூழியத்தை யாரும் எழுதிவிடலாம். தன் நாட்டுப் படை இன்னொரு மக்களின் கழுத்தில் கால் வைத்திருப்பதைச் சொந்த நாட்டு மக்களிடமே சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். 1934-ல் அமெரிக்கப் படை வெளியேறியது.

அதே 1934-ல் சங்கத்தில் பணம் வற்றியது. எமிலி மறுபடியும் செயலாளர் பொறுப்பை ஏற்று, ஒன்றரை ஆண்டு சம்பளமில்லாமல் உழைத்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு உதவினார். இரண்டாம் உலகப் போரை மட்டும் அவரால் முழுமையாக எதிர்க்க முடியவில்லை. ஹிட்லரைத் தடுக்க வேறு வழியில்லை என்று மனம் நொந்து ஏற்றுக்கொண்டார். கொள்கையைவிடக் கண்ணெதிரே சாகும் மனிதர்கள் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தார்கள். இதற்காக அவரைக் குறை சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

1946-ல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் ஜான் மோட் என்பவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. தன் பங்குத் தொகையைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். 94 வயது நிறைந்த மறுநாள், 1961 ஜனவரி 9 அன்று காலமானார்.

நம் கல்லூரிகளில் மகளிரியல் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஹைதி அறிக்கையை உங்கள் மாணவிகளின் கையில் கொடுங்கள். படித்து முடித்ததும் அவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்லுங்கள்.