வெடியதிர்வும் மூளைத் தழும்பும்: திருகோணமலைக் கரையிலிருந்து ஓர் ஆய்வு

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு பொழிந்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விமானமொன்று விழுந்து, தீ நாட்கணக்கில் எரிந்தது. அதற்குப் பிறகும் இந்தக் கரையை வெடிச்சத்தம் விட்டகலவில்லை. உள்நாட்டுப் போரின் எறிகணைகளும் கண்ணிவெடிகளும் வந்தன. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் தடைசெய்த பின்னும் டைனமைட் வைத்து மீன்பிடிப்பது ஓயவில்லை. கை போனவரை ஊர் அறியும். தலையில் ஒரு கீறலும் இல்லாமல் எழுந்து வீட்டுக்கு நடந்தவரின் மூளைக்குள் என்ன நடந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நரம்பணுக்களைவிட அவற்றைச் சூழ்ந்திருக்கும் கிளையாக் கலங்களிடமே முதலில் போக வேண்டியிருக்கிறது.

அந்தக் கலங்களை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. 1850களில் ருடால்ஃப் விர்ஷோ அவற்றை நரம்பணுக்களுக்கு இடையே கிடக்கும் ஒட்டுப்பொருளாகவே கண்டார். சாயமேற்றும் முறைகள் வளர்ந்த பிறகுதான் காட்சி மாறியது. ஸ்பெயினில் ரமோன் இ கஹால் 1913இல் தங்க உப்பைக் கொண்டு நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகளைத் துலக்கினார். 1919இல் பியோ டெல் ரியோ ஒர்டேகா வெள்ளிக் கார்பனேற்றால் மைக்ரோகிளையாவைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார்.

1924இல் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் மாட்ரிட்டுக்குப் போய் ஒர்டேகாவிடம் அந்தச் சாயக்கலையைக் கற்றார். மூளைக் காயத்துக்குக் கிளையா எப்படி எதிர்வினை செய்கிறது என்பது பற்றி இருவரும் 1927இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையின் அடித்தளம் எனலாம். விலங்கின் மூளையில் ஊசியளவு காயம் செய்து, நாட்கள் கடக்கக் கடக்க வெட்டிப் பார்த்தார்கள். மெல்லிய கிளைகளோடு இருந்த மைக்ரோகிளையா முதலில் கிளைகளை உள்ளிழுத்து உருண்டது. சிதைந்த திசுவை விழுங்கி வீங்கியது. பின்பு ஆஸ்ட்ரோசைட்டுகள் பெருத்து, நார்களை நீட்டி, காயத்தைச் சுற்றி அடர்ந்தன. முற்றிய தழும்பு சுருங்கும்போது அருகிலுள்ள மூளையையும் சேர்த்து இழுக்கிறது, காயத்துக்குப் பின் வரும் வலிப்புக்கு இதுவே காரணம் என்று பென்ஃபீல்ட் கருதினார். தழும்பைச் சுத்தமாக அகற்றும் அறுவை முறை அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தது.

மொன்றியலில் அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அந்தப் பணியை ஆரம்பித்தார். மாட்ரிட் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு கால் நூற்றாண்டுக்குள் தமிழகத்து அறுவைக் கூடங்களை எட்டிவிட்டது.

மூளையின் நரம்புநார் அறுந்தால் மீண்டும் வளராது என்பது கஹாலின் தீர்ப்பு. கை கால் நரம்பின் ஒரு துண்டைப் பாலமாக வைத்தால் மூளையின் நார்களும் அதற்குள் வளரும் என்று சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் 1981இல் எலிகளில் காட்டினார்கள். ஆகவே தடை சூழலில் இருந்தது. 1991இல் ஜெர்ரி சில்வரின் குழு எலி மூளைக்குள் வடிதாள் துண்டுகளைச் செருகி, அவற்றில் படிந்த தழும்பை எடுத்துச் சோதித்தது. நரம்புநாரைத் தடுத்தது, ஆஸ்ட்ரோசைட்டுகள் தங்களைச் சுற்றிப் பரப்பும் காண்ட்ராய்டின் சல்பேட் புரோட்டியோகிளைக்கான் என்ற சர்க்கரையும் புரதமும் கலந்த மூலக்கூறு. முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் விற்கும் காண்ட்ராய்டினும் அந்தச் சர்க்கரைச் சங்கிலிதான். குருத்தெலும்புக்குப் பலம் தருவது மூளைக்காயத்தில் வேலியாகிறது. 2002இல் லண்டன் ஆய்வாளர்கள் பாக்டீரிய நொதி ஒன்றால் அந்தச் சங்கிலிகளை வெட்டியபோது, முள்ளந்தண்டு வடம் காயப்பட்ட எலிகளின் நடை ஓரளவு மீண்டது.

தழும்பையே அழித்துவிட்டால் என்ன என்ற ஆவல் எழுந்தது இயல்பே. மைக்கேல் சோஃப்ரோனியூவின் குழு அதைச் செய்து பார்த்தது. பெருகும் ஆஸ்ட்ரோசைட்டுகளை மட்டும் கொன்ற எலிகளில் அழற்சிக் கலங்கள் கட்டுமீறிப் பரவின, காயம் அகன்றது, பிழைத்திருக்க வேண்டிய நரம்பணுக்களும் மடிந்தன. தழும்பு இல்லாத இடத்திலும் நார்கள் தாமாக வளரவில்லை என்று அதே குழு 2016இல் அறிவித்தது. தழும்பைப் பகையென்று மட்டும் பார்த்த அந்த ஆண்டுகளில் அவசரம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். முதல் நாட்களில் அது காக்கும் அரண். மாதங்கள் கழித்தும் அதன் மூலக்கூறுகள் அப்படியே நிற்பதுதான் சிக்கல்.

திருகோணமலைக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பும் 2016இல்தான் வந்தது. அமெரிக்காவில் டேனியல் பெர்லின் குழு, வெடியதிர்வுக்கு உள்ளாகிப் பின்னர் இறந்த படைவீரர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தது. மூளையின் மேற்பரப்புக்கு அடியிலும், இரத்தக்குழாய்களைச் சுற்றியும், சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் எல்லையிலும் ஆஸ்ட்ரோசைட் தழும்புகள் கோடிட்டிருந்தன. அடர்த்தி வேறுபட்ட இரு பொருட்கள் சந்திக்கும் இடத்தில் அழுத்த அலை தன் ஆற்றலை இறக்குகிறது என்ற இயற்பியலோடு இது பொருந்தியது. வழக்கமான ஸ்கேனில் இந்தத் தழும்பு தெரிவதில்லை.

ஆஸ்ட்ரோசைட்டின் நார்ப் புரதமான ஜி.எஃப்.ஏ.பி., காயம் பட்டதும் இரத்தத்தில் கசிகிறது. அதையும் இன்னொரு புரதத்தையும் அளக்கும் சோதனைக்கு 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று முடிவுசெய்ய அது உதவுகிறது. 2009இல் பாலம் திறக்கும்வரை படகுப்பாதையில் ஏறித் துறைமுக நகருக்கு வந்த கிண்ணியா மக்களுக்கு, இத்தகைய முடிவு சீக்கிரம் கிடைப்பதன் பெறுமதி தெரியும். ஆனால் அந்தச் சோதனை புதுக்காயத்தைத்தான் காட்டும். பல ஆண்டுகளாகச் சிறு வெடிகளுக்கு அருகே நின்றவரின் பழைய தழும்பை அது சொல்லாது. மறதி, தலைவலி, தூக்கமின்மை என்று வைத்தியசாலைக்கு வரும் கடற்றொழிலாளியிடமும் முன்னாள் போராளியிடமும் சிப்பாயிடமும், எத்தனை வெடிகளுக்கு எவ்வளவு அருகில் இருந்தீர்கள் என்று கேட்டு நோயாளிக் குறிப்பில் எழுதிவைக்கலாம். அதற்குப் பேனா போதும்.