கைதுகள் குறைந்தது எதனால்? நியூயார்க் சிறார் காவலணி குறித்த சான்று ஒன்றின் மறுவாசிப்பு

நியூயார்க் காவல்துறை ஏழைச் சிறுவருக்காக நடத்திய விளையாட்டு, கல்வி அமைப்புகளைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு முடிவு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது: விளையாட்டு வெறும் சாக்கு, கண்காணிப்பே நோக்கம். இதற்கு மூலச்சான்றாகக் காட்டப்படுவது, 1914-இல் மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில் காவல்துறைக் கேப்டன் ஜான் ஸ்வீனி சிறுவர்களைச் சேர்த்து அமைத்த சிறார் காவலணி. அன்றைய காவல் ஆணையர் ஆர்தர் உட்ஸ் 1918-லும் 1919-லும் வெளியிட்ட இரு நூல்களே அவ்வணி குறித்த விவரங்களுக்கு முதன்மை ஆதாரம். மேற்சொன்ன முடிவை அந்த நூல்கள் தாங்குமா என்பது ஐயமே.

உட்ஸை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நியூயார்க் மேயர் மிட்செல் 1917 தேர்தலில் தோற்றபின், பதவி விலகிய நிலையில் எழுதியவர் அவர். தம் ஆட்சிக்காலத்துக்குச் சான்றிதழ் தேடும் ஆவல் அந்த எழுத்தில் உண்டு. சிறுவர்கள் திருந்தினார்கள் என்ற அவர் கூற்றைத் தனியே எடுத்துக்கொண்டால் அதற்கு மதிப்புக் குறைவு. ஆனால் அவர் பெருமைப்படாமல், போகிறபோக்கில் சொல்பவை வேறு வகை. தெருவில் பந்தாடியதற்கும் தீமூட்டியதற்கும் சிறுவர்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் காவலர் என்றாலே பகைவர். இதை அவர் மட்டும் சொல்லவில்லை. மன்ஹாட்டன் மேற்குப் பகுதிச் சிறுவர்களை ஆராய்ந்து ரஸ்ஸல் சேஜ் நிறுவனம் அதே 1914-இல் வெளியிட்ட நூலும் பந்தாட்டத்துக்காகச் சிறார் நீதிமன்றம் ஏறியவர்களைக் காட்டுகிறது. காவல்துறையைப் புகழ எந்த அவசியமும் இல்லாத நூல் அது. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில்தான் என் வாதம் காலூன்றுகிறது.

போக்குவரத்தை நிறுத்திச் சில தெருக்களை விளையாட்டுக்கு ஒதுக்கியதும் உட்ஸ் காலத்தில்தான். ஒரு தெரு அவ்வாறு மூடப்பட்டதும் அங்கே பந்தாடுவது குற்றமாக இருப்பது நின்றுபோகிறது. எந்தச் சிறுவனும் மாறவில்லை. ஆயினும் கைதுக் கணக்கு இறங்கும். அந்த இறக்கத்தைச் சீர்திருத்தத்தின் வெற்றியாகப் படிப்பவரும், அடக்குமுறையின் வெற்றியாகப் படிப்பவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: மாறியது சிறுவனே என்று இருவரும் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறார்கள். மாறியது காவலரின் வேலை என்பதே என் முடிவு.

அணியினர் விதிமீறல்களைக் காவலரிடம் சொன்னார்களே, அது ஒற்றுவேலை அல்லவா என்பர். எவற்றைச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்: தீ விபத்தில் தப்பிக்க உதவும் படிகளில் குவித்த தட்டுமுட்டுச் சாமான்கள், மூடாத குப்பைத் தொட்டி, தெருவில் மூட்டிய நெருப்பு. 1911-இல் ட்ரையாங்கிள் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டனர். இறந்தோரில் பலர் இதே பகுதியின் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அக்குடும்பங்களின் பிள்ளைகள் படிகளைக் காலியாக வைக்கச் சொன்னதை ஒற்றுவேலை என்று மட்டும் பெயரிட எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குள் காவல்துறையின் பார்வை நுழைய இது வழிவிட்டிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அது வேறு கேள்வி. அணியின் சீருடையும் பதவிப் பட்டங்களும் முதல் உலகப்போர்க்கால மனநிலையின் விளைவு என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை: அணி தோன்றியபோது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை.

1930-களின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க் காவல்துறை சிறுவருக்காக நடத்திய காவல் விளையாட்டுக் கழகம் உருப்பெற்ற அந்நாளில், கைதாகாத சிறுவரின் பெயரையும் பதிந்து வைக்கும் சிறார் உதவிப் பிரிவு அதே துறையில் இயங்கியது. கண்காணிப்பு வாசிப்புக்கு அங்கே வலுவான ஆதாரம் உண்டு. அந்த ஆதாரத்தை இருபது ஆண்டு பின்னோக்கி இழுத்து 1914-இன் மீது போர்த்துவதுதான் தவறு. கைதுப் பதிவேடுகளிலிருந்து பந்தாட்டத்தையும் தீமூட்டலையும் நீக்கி, திருட்டையும் அடிதடியையும் மட்டும் வட்டாரவாரியாகக் கணக்கிட்ட பிறகே, அணியால் சிறுவர்கள் மாறினார்களா என்று கேட்க முடியும்.