எம்.எஸ்.ஜி.எட்

1984-இல் டாம் ஜென்னிங்ஸ் அமெரிக்காவில் தோற்றுவித்த ஃபிடோநெட் வலையமைப்பில், தகவல் பலகைக் கணினிகள் தொலைபேசிக் கட்டணம் குறைந்த பின்னிரவு வேளையில் தமக்குள் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படிப்பதற்கும், மூலக் கடிதத்தின் வரிகளை எடுத்துக்காட்டி மறுமொழி வரைவதற்கும் உபயோகமான, சி மொழியில் இயற்றப்பெற்ற மென்பொருள்.

இதன் மூலநிரல் பதிப்புரிமைப் பந்தம் யாதுமின்றி உலகோர்க்குப் பொதுச் சொத்தாக வழங்கப்பட்டமையால், ஆதிகர்த்தா விலகிய பின்னரும் ஆர்வலர் பலர் ஒருவர்பின் ஒருவராக முன்வந்து, ஊதியம் கருதாது இதனைப் பரிபாலித்து, டாஸினின்று ஓ.எஸ்./2, லினக்ஸ் முதலிய இயக்கமுறைகளுக்கும் கொண்டுசென்றனர். அந்த நிஷ்காம்ய சேவையே இதன் ஜீவாதாரம் எனல் வேண்டும்.

கடிதம் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைக்கும் பழைய முறையோடு, பின்னர் வந்த ஸ்க்விஷ், ஜாம் முறைகளையும் இது கையாளுமாறு செய்தனர். அதனினும் கடினமானது, ஒரு தேசத்தின் எழுத்துக்குறிகள் மற்றொரு தேசத்துக் கணினியில் விகாரமடையாதிருக்க மாற்று அட்டவணைகளை அமைத்த பணியாகும்.