தராசு பொய் சொல்லுமா?

ஆடி மாதத்தில் தேனிப் பக்கம் வந்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு மலையின் கணவாய்களில் நுழைந்து கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வீசும் அந்தக் காற்றை நம்பித்தான் தேனியைச் சுற்றிக் காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள். ஆனால் காற்றாலைக்கு நண்பனான அதே காற்று, போடியிலோ கம்பத்திலோ உட்கார்ந்து நகை செய்யும் ஆசாரிக்கு எதிரி. அவர் நிறுக்கும்போது கவனித்துப் பாருங்கள். முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு தராசின் கண்ணாடிக் கதவை மூடுவார். அதற்குப் பிறகுதான் எண்ணைப் படிப்பார்.

இந்த எச்சரிக்கை இன்று நேற்று வந்ததல்ல. சிறிய அளவை நிறுக்க வேண்டிய தேவை தோன்றிய நாள் முதல், தராசை எப்படி நம்புவது என்ற கேள்வியும் கூடவே இருந்து வந்திருக்கிறது.

முதலில் எடைக்கல்லைப் பார்ப்போம். வேலிகளில் படரும் குன்றிக் கொடியின் சிவப்பு விதை, கறுப்பு மூக்கோடு இருக்குமே, அதுதான் நம் பொற்கொல்லர்களின் பழைய எடைக்கல். (ஒரு எச்சரிக்கை: குன்றிமணி நஞ்சு. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.) இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி; இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த பொன்னெல்லாம் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கணக்கிடப்பட்டுள்ளது. அந்தக் கல்வெட்டுகளில் என்னை மிகவும் கவர்ந்தது பொன்னின் அளவன்று. எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான். பொன்னை நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். நகைகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்று வேறொரு கல். கல்லின் பெயரைச் சொல்லாமல் எடையை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளில்லை என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக உணர்ந்திருக்கிறார்கள்!

ஆங்கிலேயர் கொண்டுவந்த சிற்றளவும் ஒரு விதையில் பிறந்ததுதான். பார்லி மணியின் எடையிலிருந்து வந்த 'கிரெயின்' அது. இன்றைய கணக்கில் ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய் நாணயத்தின் எடையை 180 கிரெயினாக வரையறுத்தது. அதுவே ஒரு தோலா ஆயிற்று. சென்னை மாகாணத்தில் மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. நம் பாட்டிமார் புளியும் மிளகாயும் வாங்கிய வீசை, ஏறத்தாழ 1.4 கிலோகிராம். இப்படி, ஆசாரியின் கல்லாப்பெட்டிக்குள்ளும் மளிகைக் கடைக்குள்ளும் பார்லி மணி புகுந்துவிட்டது.

அந்தக் கிரெயின் இன்னும் சாகவில்லை. அது உயிரோடிருக்கும் இடம் எது தெரியுமா? துப்பாக்கித் தோட்டா! அமெரிக்கா போன்ற நாடுகளில் குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்களில் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். அந்த மருந்தைக் கிரெயின் கணக்கில்தான் நிறுக்கிறார்கள். அவர்களுடைய தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும். அதாவது 6.5 மில்லிகிராம். ஏன் இவ்வளவு நுட்பம்? கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றில் போகும் மருந்தே சில கிரெயின்தான். ஐந்து கிரெயினில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் நூற்றுக்கு இரண்டு பிசகு. மூடிய கூட்டுக்குள் மருந்து எரியும்போது, அழுத்தம் மருந்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அதைவிட வேகமாக ஏறுகிறது. ஆசாரியின் பிழை பணத்தில் முடியும். இவர்களுடைய பிழை கையில், கண்ணில் முடியும்.

வெடிமருந்துக்கும் நுண்தராசுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. நவீன வேதியியலின் தந்தை என்று பாடநூல்களில் நீங்கள் படித்த லவாய்சியர், 1775இல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகிகளில் ஒருவராக நியமிக்கப்பட்டார். அவருடைய வீடும் சோதனைச்சாலையும் பாரிஸ் நகரத்து ஆயுதக் கிடங்கிலேயே இருந்தன. அன்று வெடியுப்புக்குப் பேர்போன இடம் நம் நாட்டுப் பீகார். பிளாசிப் போருக்குப் பின் அது ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆகவே பிரான்சு தன் வெடியுப்பைத் தானே தயாரித்தாக வேண்டிய நிலை. அந்தப் பொறுப்பு லவாய்சியருடையது. 1788இல் எஸ்ஸோன் என்ற ஊரில் புதுவகை மருந்து ஒன்றைச் சோதித்தபோது அது வெடித்து இருவர் மாண்டனர். லவாய்சியரும் அவர் மனைவியும் மயிரிழையில் தப்பினர்.

அதே லவாய்சியர்தான் மெக்னியே, ஃபோர்ட்டின் என்ற கைவினைஞர்களைக் கொண்டு அக்காலத்தின் மிகச் சிறந்த தராசுகளைச் செய்யச் சொன்னார். வினைக்கு முன்பும் பின்பும் நிறை மாறுவதில்லை என்பதை அவற்றைக் கொண்டு காட்டினார். எரிதல் என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை தராசுத் தட்டில்தான் கிடைத்தது. ஆனால் பழைய வரி வசூல் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த குற்றத்துக்காக 1794 மே 8ஆம் நாள் கில்லட்டின் அவர் தலையை வாங்கிவிட்டது. அவரும் சேர்ந்து உழைத்த மெட்ரிக் முறை மறு ஆண்டே பிரான்சில் சட்டமாயிற்று. அது நம் நாட்டுக்கு வர மேலும் நூற்று அறுபது ஆண்டுகள் ஆயின. 1956இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோகிராமைக் கொண்டுவந்தோம். பிளாட்டினம் - இரிடியம் கலவையில் செய்த 57ஆம் எண் கிலோகிராம் டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்தது. நாட்டிலுள்ள எடைக்கற்களுக்கெல்லாம் மூலக்கல் அதுவே ஆயிற்று. நம் காலத்து ஆடவல்லான்!

கல் சரியானது என்றே வைத்துக்கொள்வோம். தராசு சரியா? இரு தட்டுத் தராசு ஒரு நெம்புகோல். கைகள் இரண்டும் சமமாக இருந்தால்தான் அது உண்மை பேசும். ஒரு கை 10 அங்குலம், மறு கை 11 அங்குலம் என்று கொள்ளுங்கள். கடைக்காரர் கல்லை எப்போதும் ஒரே தட்டில் வைத்தால், கிலோவுக்கு 91 கிராம் குறைத்துக் கொடுக்கலாம். நீங்கள் அவரிடம், "இரண்டு கிலோ வேண்டும், ஒரு கிலோவை இந்தத் தட்டிலும் மறு கிலோவை அந்தத் தட்டிலும் நிறுத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் என்ன ஆகும்? முதல் தடவை 909 கிராம், இரண்டாம் தடவை 1,100 கிராம். மொத்தம் 2,009 கிராம். ஏமாற்றப் பார்த்தவருக்கு 9 கிராம் நட்டம்! கணித மேதை காஸ் இதே தத்துவத்தை அளவையியலில் பயன்படுத்தினார். பொருளை இரு தட்டுகளிலும் மாற்றி நிறுத்து, கிடைத்த இரண்டு எடைகளைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான எடை வந்துவிடும். போர்தா என்ற பிரெஞ்சுக்காரரின் வழி இன்னும் எளிது. பொருளை ஒரு தட்டில் வைத்து எதையாவது கொண்டு சமன் செய்யுங்கள். பிறகு பொருளை எடுத்துவிட்டு அதே தட்டில் கற்களை வையுங்கள். தராசின் கைகள் எப்படியிருந்தாலும் விடை சரியாக இருக்கும். 1946இல் சுவிட்சர்லாந்தின் மெட்லர் கொண்டுவந்த ஒற்றைத் தட்டு நுண்தராசு இந்தத் தத்துவத்தின் குழந்தைதான்.

1973இல் அதே மெட்லர் நிறுவனம் முழு மின்னணுத் தராசை வெளியிட்டது. இன்று சந்தைக் காய்கறிக் கடையிலும் எண்கள் ஒளிர்கின்றன. முள் ஆடுவதில்லை, கல் வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனால் ஒரு மாற்றத்தை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். பழைய தராசு ஒரு நிறையை மற்றொரு நிறையோடு ஒப்பிட்டது. புவியீர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு தட்டுகளுக்கும் அது பொதுதானே? மின்தராசு அப்படியல்ல. அது விசையை அளந்து, அதைக் கிராமாக மாற்றிச் சொல்கிறது. ஆகவே அது இருக்கும் ஊர் முக்கியம்.

டில்லியில் சரிபார்த்த நுட்பமான மின்தராசைத் தேனிக்குக் கொண்டுவந்து அப்படியே வைத்தால், கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் குறைத்துக் காட்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது அல்லவா? சரி, தேனியில் திருத்திவிட்டோம். இப்போது அதை எடுத்துக்கொண்டு போடிமெட்டுப் பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஏறுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால், 200 கிராம் கல்லுக்கு 0.04 முதல் 0.06 கிராம் வரை குறையும். சட்டைப்பைக்குள் அடங்கும் நகைத் தராசுகள் 0.01 கிராம் வரை காட்டுகின்றன. மலையேறும் நண்பரிடம் ஒன்றைக் கொடுத்தனுப்பி நீங்களே சோதிக்கலாம். ஆனால் மேலே குளிர். வெப்பநிலை மாற்றமும் தராசைப் பாதிக்கும். அரைமணி நேரம் தராசை ஓய்வாக வைத்திருந்து, இரண்டு மூன்று தடவை நிறுத்துப் பார்த்த பிறகே புவியீர்ப்பின் மேல் பழியைப் போடுங்கள்.

ஏலக்காய் வியாபாரத்தில் இந்தச் சில மில்லிகிராம் பெரிதல்ல. அங்கே வேறு வகைப் பிழை கவலை தரும். ஒரு லிட்டர் கலத்தில் ஏலக்காயை நிரப்பி நிறுப்பார்கள். அதற்கு 'லிட்டர் வெயிட்' என்று பெயர். அக்மார்க் தரத்தில் 7 மில்லிமீட்டர் பருமனுள்ள முதல் தரக் காய்க்கு லிட்டருக்கு 435 கிராம் இருக்க வேண்டும். அடுத்த தரத்துக்கு 415. இடைவெளி இருபதே கிராம். தராசு பூச்சியத்தில் நிற்காமல் ஐந்து கிராம் தள்ளி நின்றால், அந்த இடைவெளியில் கால் பங்கு போயிற்று. அதோடு, ஏலக்காய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைநாளில் திறந்து வைத்த காயின் எடை நேற்றைய எடையாக இராது. இது தராசின் பொய்யன்று. ஆனால் விவசாயிக்கும் வியாபாரிக்கும் சண்டை வரும்போது தராசுதான் திட்டு வாங்கும்.

பொடிகளை நிறுப்பவர்களுக்கு, அது தோட்டா மருந்தானாலும் சோதனைச்சாலை உப்பானாலும், மின்தராசு ஒரு விசித்திரமான தொல்லை தருகிறது. என் மாணவர் ஒருவர் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தட்டில் தூவிக்கொண்டிருந்தார். தூவத் தூவ எண் அசையவே இல்லை! தராசு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். கெடவில்லை. வெப்பத்தால் பூச்சியம் மெல்ல நகர்வதைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு பல மின்தராசுகளில் உண்டு. மிக மெதுவாக விழும் பொடியையும் அது அத்தகைய நகர்வு என்றே எண்ணி அழித்துவிடுகிறது. தட்டை எடுத்துவிட்டு மீண்டும் வைத்துப் பாருங்கள். உண்மை எடை வெளிவரும். அமெரிக்கத் தோட்டாக்காரர்களில் பலர் இன்றும் பழைய கோல் தராசை விடாதிருப்பதற்கு இப்படிப்பட்ட தொல்லைகளும் ஒரு காரணம். அந்தக் கோலின் முனையில் ஒரு செம்புத் தகடு இரு காந்தங்களுக்கிடையே அசையும். சுழல் மின்னோட்டம் ஆட்டத்தை அடக்கிவிடும். மின்கலம் தேவையில்லை.

மற்றத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். எண் நிலையாக நிற்கவில்லையா? முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், பிறகு மேசையை. எண் ஒரே பக்கமாக ஊர்ந்துகொண்டே போனால் தராசு இன்னும் சூடேறவில்லை, அல்லது வெயில் படுகிறது. வறண்ட நாளில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் நிறுக்காதீர்கள், நிலைமின்னூட்டம் விளையாடும். தராசின் மட்டக்குமிழி வட்டத்தின் நடுவில் இருக்கிறதா பாருங்கள். புதிதாக வாங்குவதானால், எத்தனை தசமத்தானம் காட்டுகிறது என்பதை மட்டும் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். ஒரே கல்லைப் பத்துத் தடவை வைத்து, பத்துத் தடவையும் ஒரே எண் வருகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். கூடவே ஒரு சோதனைக்கல்லும் வாங்குங்கள். நீங்கள் வழக்கமாக நிறுக்கும் அளவுக்கு நெருங்கிய கல்லாக இருக்கட்டும். அதை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். வியர்வைக்கும் எடை உண்டு. வியாபாரத்துக்கு வைத்திருக்கும் மின்தராசானால், முத்திரை ஆய்வாளரிடம் ஆண்டுக்கொரு முறை முத்திரை பெற வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வாங்கப் போகும் கடையில் அந்த முத்திரையைத் தேடிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூலக்கல்லின் கதையும் மாறிவிட்டது. பாரிசுக்கு அருகே பூட்டி வைத்திருந்த உலக மூலக் கிலோகிராமுக்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே, நூறாண்டுகளில் ஒரு கிராமின் கோடியில் சில நூறு பங்கு அளவுக்கு வேறுபாடு வந்திருந்தது. எது மாறியது, கல்லா பிரதியா என்று சொல்ல வழியில்லை. ஆகவே 2019 மே 20 முதல் கல்லை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலியின் எண் மதிப்பைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்துவிட்டார்கள். போடி ஆசாரி இன்னும் எட்டுக் கிராமைப் பவுன் என்கிறார். அந்தப் பெயரைத் தந்த ஆங்கிலப் பொற்காசின் எடையோ 7.988 கிராம். வித்தியாசம் 12 மில்லிகிராம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அவர் தராசில் அது தெரியாது.