பரம வீர சக்கரமும் நடுகல்லும்

சென்ற திங்கள் கடையத்துப் பள்ளியில் யாம் நடுகல் பற்றிய பாடத்தை நடத்துங்கால், மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, இக்காலத்தில் போர்வீரனுக்கு அரசு செய்யும் தலைசிறந்த சிறப்பு யாது? அதனை எக்குலத்தார் மிகுதியாகப் பெற்றுள்ளனர்?" என வினவினான். முன்னை வினா நன்று. பின்னை வினா எம்மைச் சிந்திக்கச் செய்தது. நம் சங்கத்து அன்பர்க்கும் பயன்படுமெனக் கருதி இதனை எழுதலாயினேம்.

வீரரைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. கல்லைக் காண்டல், கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல், சிறப்புப் படைத்தல், வாழ்த்துதல் என நடுகல்லுக்குரிய துறைகளைத் தொல்காப்பியர் முறைப்படுத்தியுள்ளார். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப்பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாய்ந்த ஒருவனை இன்றும் நமக்கு உணர்த்தி நிற்கின்றது. சிறப்புச் செய்தற்கு ஒரு முறை வேண்டும் என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

இந்நாளில் அத்தகையதே பரம வீர சக்கரம். இது 1950 ஜனவரி 26-இல் ஏற்படுத்தப்பெற்று, 1947 ஆகஸ்டு 15 முதல் நிகழ்ந்த வீரச்செயல்களுக்கும் உரியதாக்கப்பட்டது. வெண்கலத்தாலாகிய அவ்வட்டத்தில் இந்திரனது வச்சிரம் நான்கு முறை பொறிக்கப்பட்டு, நடுவே அரசின் இலச்சினை பொலியும். அதனை வரைந்தவர், ஐரோப்பாவிற் பிறந்து பாரதத்தையே தம் நாடாகக் கொண்ட சாவித்திரி கானோல்கர் அம்மையார். வச்சிரம் செய்தற்குத் தம் என்பையே ஈந்த ததீசி முனிவரின் வரலாற்றை அப்பொறி நினைப்பிக்கும்.

இனி, வழங்கும் முறை. நிலத்திலோ, கடலிலோ, வானிலோ, பகைவர்முன் ஒப்பற்ற வீரமோ தன்னுயிரீகமோ புரிந்தாரே இதற்கு உரியர். அவர்தம் படைத்தலைவர், கண்டார் சான்றுடன் செயலை எழுதிப் பரிந்துரைப்பர். மேலதிகாரிகள் அதனைப் படிப்படியாக ஆராய்வர். படைத் தலைமையகமும் பாதுகாப்பு அமைச்சும் ஏற்றபின், குடியரசுத் தலைவர் வழங்குவர், அரசிதழும் அறிவிக்கும். சிப்பாய், தளபதி என்னும் வேறுபாடில்லை. ஆண், பெண் என்பதுமில்லை. இதுகாறும் பெற்றோர் 21 பேரே. அவருள் 14 பேர் உயிர்நீத்த பின்னரே பெற்றனர்.

அப்பதினால்வருள் ஒருவர் மேஜர் இராமசாமி பரமேசுவரன். பம்பாயில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த அவர், மகார் படைப்பிரிவின் 8-ஆம் அணியில் பணியாற்றினார். 1987 நவம்பர் 25-இல் யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதற்பணி முடித்து இரவில் மீளுங்கால், மறைந்திருந்தார் தாக்கினர். அவர் தம் வீரருடன் பின்புறமாகச் சூழ்ந்து எதிர்த்தார். மார்பிற் குண்டு பாய்ந்தும், சுட்டவன் துப்பாக்கியையே பறித்து அவனை வீழ்த்தி, உயிர் பிரியுந்துணையும் ஆணையிட்டுக்கொண்டிருந்தார். எதிர்நின்றாரும் தமிழரே என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துவது. அத்துயரை எப்பதக்கமும் ஆற்றாது.

மகார் என்பது மராட்டிய மண்ணில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் பெயர். அப்பெயர் தாங்கிய படையை நடத்தி உயிரீந்தவர் ஒரு தமிழர். ஆங்கு உயர்வு எது, தாழ்வு எது?

ஆதலின் அம்மாணாக்கனுக்கு யாம் கூறிய விடை இது: "தம்பி, பரிந்துரைத் தாளில் எடைபோடப்படுவது செயல், குலமன்று." நம் முன்னோர் வீரம் பேசி மகிழ்தல் தவறன்று. ஆயின் அவர் பட்ட புண்ணுக்கு நாம் பரிசு கேட்டல் ஆகாது. நம் இளைஞர் நல்ல செயலாற் பெயர் பெறுவாராயின், அதுவே நம் சங்கத்துக்குப் பெருமையாம்.