மழைக்குப் பயந்து உள்ளே வந்த முற்றம்

பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று டீவியில் போனால், நடிகர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னாலுள்ள சுவரைப் பாருங்கள். அநேகமாக ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று நிழல் விழுந்திருக்கும். கதைப்படி பகல் நேரம், அறையில் ஜன்னல் ஒன்றுதான். நடுச்சாமத்தில் அழும் கதாநாயகிக்கும் தலைமுடியைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கும். அது எங்கிருந்து வருகிறதென்று யாரும் கேட்பதில்லை.

அக்காலப் படச்சுருளுக்கு நிறைய வெளிச்சம் தேவைப்பட்டது. அதனால் பெரிய விளக்குகளை நேரே ஆளின் மீது அடித்தார்கள். முன்னால் ஒன்று, நிழலைக் குறைக்கப் பக்கத்தில் ஒன்று, உருவம் சுவரோடு ஒட்டாமல் தெரியப் பின்னால் ஒன்று. ஹொலிவூட்டில் வழக்கமான இந்த முறைதான் இந்திய ஸ்டூடியோக்களிலும் இருந்தது.

இதை மாற்றியவர்கள் என்றதும் பிரான்ஸின் ராவுல் கூத்தார், சுவீடனின் ஸ்வென் நிக்விஸ்ட் ஆகியோரைச் சொல்வார்கள். இருவரும் திறமைசாலிகள், மறுப்பில்லை. ஆனால் அவர்கள் இதற்காகப் பேசப்பட்டது 1960ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும். கல்கத்தாவில் ஓர் இளைஞர் 1956இலேயே அதைச் செய்துவிட்டார். அவர் பெயர் சுப்ரதா மித்ரா.

மித்ரா எந்த ஸ்டூடியோவிலும் தொழில் பழகியவரல்ல. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'த ரிவர்' படத்தை எடுக்க வங்காளம் வந்தபோது வேலை கேட்டார், கிடைக்கவில்லை. பார்வையாளராக நின்று, விளக்குகள் எங்கெங்கே வைக்கப்படுகின்றன என்று கொப்பியில் வரைந்துகொண்டார். அதன்பின் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவு செய்தார். அதற்கு முன் அவர் சினிமா கமராவை இயக்கியதே இல்லை.

அடுத்த படம் 'அபராஜிதோ'. கதையில் காசி நகரத்து வீடொன்று வருகிறது. நடுவில் திறந்த முற்றம், மேலே வானம். அங்கே வெயில் நேரே விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக இறங்கும். அந்த வீட்டை வெளியில் கட்டத்தான் முதலில் திட்டம். மழைக்காலத்துக்குப் பயந்து கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதை ஸ்டூடியோவுக்குள் கட்டினார். நிழல் விழாத வானத்து வெளிச்சத்தை உள்ளே கொண்டுவர முடியாதென்று மித்ரா இருவரிடமும் வாதாடினார். எடுபடவில்லை.

வேறு வழியில்லாமல் செட்டுக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் பக்கம் திருப்பாமல் அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் முற்றம் முழுக்கப் பரவியது.

விஞ்ஞானப் பாடத்தில் நாம் படிப்பிக்கும் ஒளித்தெறிப்புத்தான் இது. இன்றிரவு போன் டோர்ச்சைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பின்னால் கூர்மையான நிழல் விழும். பிறகு அதை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்புங்கள். அதே டோர்ச், ஆனால் முகம் வேறு மாதிரித் தெரியும்.

இதே 1956இல் இங்கே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவைக் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். அதுவரை சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில்தான் உருவாகின. அவர்கள் வெயிலைத் தேடி வெளியே போனார்கள், மித்ரா வானத்தை உள்ளே கொண்டுவந்தார். என் கணக்கில் இரண்டும் ஒரே அலுப்பிலிருந்து பிறந்தவை: பொய் வெளிச்சம் போதும் என்ற அலுப்பு.

'அபராஜிதோ' எங்காவது கிடைத்தால், தகப்பன் ஹரிஹர் நோயில் படுத்திருக்கும் காட்சிகளைப் பாருங்கள். அந்த வீட்டில் நிழல் எங்கே விழுகிறதென்று பிள்ளைகளையும் தேடச் சொல்லுங்கள்.