போர்க்கருவியில் பிறந்த வானொலி

மன்னார்த் தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மணல் திட்டுகள் வரிசையாய்க் கிடக்கின்றன. அக்குறுகிய கடலைக் கடந்தே 1858-ஆம் ஆண்டில் தந்தி இந்தியாவையும் இலங்கையையும் இணைத்தது. தோணிக்கும் காற்றுக்கும் காத்திருந்த செய்தி, அன்று முதல் இமைப்பொழுதில் கரையேறியது.

கம்பியின் முனையில் இருந்த கருவி மிக எளியது. அதன் விசையை அழுத்தினால் மின்னோட்டம் செல்லும், விட்டால் நிற்கும். குறிய அழுத்தமும் நெடிய அழுத்தமும் சேர்ந்து எழுத்தாயின. அந்த விசைகளைப் பேணிய இலங்கைத் தந்தித் துறையே பின்னர் வானொலிக்கும் பிறப்பிடமாயிற்று.

1921-இல் அத்துறையின் தலைமைப் பொறியாளராக எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்புக்கு வந்தார். முதல் உலகப்போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகள் அவர்களுக்குக் கிடைத்தன. துறையின் பொறியாளர்கள் அவற்றைக் கொண்டு சிறியதோர் ஒலிபரப்பியை அமைத்தனர். 1923-இல் மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறையிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் வானில் மிதந்தன.

பழைய உறுப்புகளைப் பொறுக்கி இணைத்தால் மட்டும் இது கைகூடாது. தந்திக் குறிகளுக்கு அலையை விட்டுவிட்டு எழுப்பினால் போதும். பாட்டுக்கோ இடையறாத அலை வேண்டும். குரலின் ஏற்ற இறக்கங்களை அவ்வலையின் மேல் ஏற்றவும் வேண்டும். எந்த உறுப்பு எதற்கு உதவும் என்று தேர்ந்து கொள்ளும் அறிவே அங்கு முதற்பொருளாயிற்று. 1925 டிசம்பர் 16-ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அப்பொழுது இலண்டன் பி.பி.சி.க்கு வயது மூன்றுதான்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரும் அதே கதை நிகழ்ந்தது. நேசநாட்டுப் படைவீரர்க்கென நடந்த 'ரேடியோ சீயாக்' 1949-இல் முடிவுற்றது. ஏக்கலையில் அதற்கென நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் உடைமையாயிற்று. அதன் வாயிலாகத் தமிழ்ப் பாடல்கள் மன்னார்க் கடலைத் தாண்டித் தமிழகத்தின் இல்லந்தோறும் ஒலித்தன.

அக்கடலின் மற்றப் பாலங்கள் நிலைக்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பலும் 1980-களில் போர்ச்சூழலால் நின்றது. 1990-இல் தலைமன்னார் இருப்புப்பாதையும் ஓய்ந்தது. மீண்டும் தொடர்வண்டி அங்கு வந்து சேர 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. இறங்குதுறை வேண்டாத வானலை மட்டும் அந்த ஆண்டுகளிலும் இரு கரைக்கும் இடையே சென்று வந்தது. கரை மாறிப் பிரிந்திருந்தோர் ஒரே பாட்டைக் கேட்டனர்.

கப்பலை மூழ்கடிக்கச் சென்ற கலத்தின் கருவி, பிரிந்த உறவுகளை இணைக்கும் பணிக்கு வழிவகுத்தது. கருவிக்குப் பகையும் இல்லை, நட்பும் இல்லை. அதை எடுத்து ஆள்வோரின் நோக்கமே அதற்குப் பயன் தருகிறது.